இரவல் நாக்கு

ஹோட்டல் அறை
மார்ச் 3

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டேன். பெட்டியும் வந்துவிட்டது. நீ பார்த்துப் பார்த்துக் கட்டிக்கொடுத்த ஊறுகாய்ப் பாட்டிலை மட்டும் விமான நிலையத்தில் பிடுங்கிக்கொண்டார்கள். எனக்கு அதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை என்று எழுதக் கை வருகிறது. எழுதினால் நீ அழுவாய். அதனால் அந்த வரியை அடித்துவிட்டதாக வைத்துக்கொள்.

இதை எங்கே உட்கார்ந்து தட்டுகிறேன் தெரியுமா? குளியலறையில், கதவைத் தாழிட்டுக்கொண்டு, தொட்டியின் விளிம்பில். சிரிக்காதே. கம்பெனி சிக்கனம் பார்த்து எனக்கும் மேனேஜருக்கும் ஒரே அறை போட்டிருக்கிறது. அவர் கட்டிலில் இருந்துகொண்டு நான் போனில் பேசும் ஒவ்வொரு வார்த்தையையும் கேட்பார். எழுத்துதான் சத்தம் போடாது. போனில் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதோடு நிறுத்திக்கொள்வோம். மற்றதெல்லாம் இப்படிக் கடிதத்தில்தான்.

விமானத்தில் வரும்போது மேனேஜர் என் தோளைத் தட்டி, இந்த ஆர்டருக்கு என் நாக்கைத்தான் நம்பி வந்திருப்பதாகச் சொன்னார். ஆபீஸில் வாட்ச்மேன் உட்பட எல்லாரும் 'நாக்கு சார்' என்று கூப்பிடும் மசாலா கம்பெனி ருசிக்காரனுக்கு, போன வருடக் காய்ச்சலுக்குப் பிறகு உப்பும் தெரியாது, சர்க்கரையும் தெரியாது, மணமும் தெரியாது. இது உனக்கும் டாக்டருக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. அங்கே இருந்தவரை எப்படியோ சமாளித்தோம். சாயங்காலம் மாதிரிப் பொட்டலத்தை வீட்டுக்கு எடுத்துவருவேன், நீ ருசி பார்த்துச் சொல்வாய், காலையில் போய் நான் அதை என் சரக்காக ஒப்பிப்பேன். இங்கே நீ இல்லையே.

வந்த அன்றே விருந்து. நம் பொடியை வாங்கப்போகிற கம்பெனி பள்ளிக்கூடங்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் மதியச் சாப்பாடு சமைத்துப் பெட்டியில் அடைத்து அனுப்புகிறது. அதன் முதலாளியம்மாள் அறுபதைத் தாண்டியவர். ஒரு பெரிய சமையல்காரர், ஒரு மொழிபெயர்ப்புப் பெண்மணி, நாங்கள் இருவர். மேஜை நடுவில் சூடான இரும்புத் தட்டு. பக்கத்தில் சின்னக் கிண்ணத்தில் வெள்ளையாக ஒரு கட்டி. விருந்தாளி தயங்கக் கூடாதே என்று அதை எடுத்துப் பாதியைக் கடித்து மென்றேன். வழுவழு என்று இறங்கியது. மேனேஜருக்கு இதிலெல்லாம் நான்தான் வழிகாட்டி. மீதிப் பாதியை அவர் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துச் சமையல்காரர் கிண்ணத்தைத் தேடுகிறார். அது தட்டில் தடவுவதற்கு வைத்திருந்த பச்சைக் கொழுப்பாம். முதலாளியம்மாள் கண்ணில் நீர் வரச் சிரித்தார். எதையும் துணிந்து வாயில் போடுகிறவர்தான் நல்ல ருசிக்காரர் என்றார். இந்தக் கடிதம் முடிவதற்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்த மேனேஜருக்காக நான் இரண்டு தடவை இந்தக் குளியலறையைக் காலி செய்து கொடுத்துவிட்டேன்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை, டீச்சர். அது கொழுப்பு என்று நாக்கு சொல்லவில்லை. விஷமாக இருந்தாலும் சொல்லியிருக்காது.

நாளை காலை அந்தச் சாப்பாட்டைப் பற்றி என் கருத்தைக் கேட்பார்கள். நீ கொஞ்சம் யோசித்துச் சொல். முதலில் வந்தது மெல்லிய பழுப்புத் தண்ணீர், அதில் கறுப்பு இழைகள், வழுக்கின. குடித்துவிட்டு எல்லாரும் உதட்டைச் சப்பினார்கள், உடனே தண்ணீரும் குடித்தார்கள். இரண்டாவது வெள்ளை வில்லை. நம் சின்னவளின் ரப்பர் மாதிரி நெகிழ்ந்தது. அதை ஒருவர்கூடச் சும்மா தின்னவில்லை, கறுப்பு நீரில் தோய்த்துத்தான் தின்றார்கள். மூன்றாவது ஜாடியிலிருந்து எடுத்த தீக்குச்சி போன்ற துண்டுகள். கடித்தால் நொறுங்கியது. நாலைந்து வாய்க்குப் பிறகுதான் மூக்கை உறிஞ்ச ஆரம்பித்தார்கள். எனக்கும் நாக்கு எரிந்தது. எரிச்சல் ஒன்றுதான் எனக்கு மிச்சம்.

சின்னவளுக்கு முத்தம்.

உன்,
நாக்கு இல்லாதவன்


வீடு
மார்ச் 4

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் பார்த்தேன். கொழுப்புக் கதையைச் சின்னவளுக்குச் சொன்னேன். அப்பா மெழுகுவர்த்தியையும் தின்பாரா என்று கேட்கிறாள். அவளுக்கு வேடிக்கை. எனக்கு ராத்திரி கண் மூடவில்லை.

பழுப்புத் தண்ணீர் உப்பு. வெறும் உப்பு இல்லை, எதையோ நெடுநேரம் கொதிக்க வைத்து இறக்கிய சாரம். அதனால்தான் சப்பினார்கள். "அடியில் ஆழம் இருக்கிறது" என்று சொல்லுங்கள், உங்கள் ஆபீஸ் பாஷையில். வெள்ளை வில்லைக்குத் தனக்கென்று ருசி கிடையாது, தோய்த்ததுதான் ருசி. அதற்குள் நம் பொடி ஏறும் என்று சொல்லலாம். ஜாடித் துண்டு ஊறப்போட்டது. காரம் எடுத்ததும் வரவில்லை, பின்னால்தான் வருகிறது. இதை அழுத்திச் சொல்லுங்கள். சாப்பிட்டவனுக்கு மட்டும் தெரிகிற விஷயம் மாதிரி இருக்கும்.

இனிமேல் முகங்களை நன்றாகப் பாருங்கள். நான் மதியச் சாப்பாட்டு வரிசையில் தினம் பிள்ளைகளைப் பார்க்கிறவள், எனக்கு இது அத்துப்படி. புளிப்பென்றால் ஒரு கண் இடுங்கும், உதடு சுருங்கும். கசப்பென்றால் மெல்லுவது நின்றுவிடும். உப்புக் கூடினால் கை தண்ணீரைத் தேடும். இனிப்பென்றால் பேச்சு குறையும்.

அது கிடக்கட்டும். மற்றவர்கள் வாயில் வைக்காத எதையும் நீங்கள் முதலில் வைக்காதீர்கள். கெட்டுப்போனது உங்களுக்குத் தெரியாது. போன மாதம் திரிந்த பாலைக் காப்பியில் ஊற்றிப் பாதி டம்ளர் குடித்துவிட்டீர்களே, நான் பார்த்துப் பதறிப்போய்த் தட்டிவிட்டது நினைவிருக்கட்டும். அங்கே தட்டிவிட யாரும் இல்லை.

உங்கள்,
டீச்சர்


ஹோட்டல் அறை
மார்ச் 6

டீச்சருக்கு,

நீ எழுதியதை அப்படியே ஒப்பித்தேன். காரம் பின்னால் வருகிறது என்றதும் பெரிய சமையல்காரர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மேனேஜர் பக்கத்தில் உட்கார்ந்து, தான் பெற்ற பிள்ளை பரீட்சையில் தேறிய மாதிரி பார்த்தார். எனக்கு அந்தக் குலுக்கலில் தலை தானாகக் குனிந்துகொண்டது. அவர் அதைப் பணிவென்று நினைத்திருப்பார்.

தப்பித்தால் பயம் குறைய வேண்டும் அல்லவா? கூடுகிறது. கேள்வி வரும்போதெல்லாம் உன் கடிதத்தின் வரிகளை மனதுக்குள் புரட்டுகிறேன். கேள்வி உன் வரிக்கு வெளியே போய்விட்டால் தொலைந்தேன். அவர்கள் சமையற்கூடம் பெரியது. ஆளுயரப் பாத்திரங்கள், பளபளக்கும் எஃகு மேஜைகள், தலைக்குத் தொப்பி, காலுக்கு உறை. எல்லாரும் மூக்கால் வேலை செய்கிறார்கள். மூடியைத் திறக்கிறார்கள், முகர்கிறார்கள், தலையாட்டுகிறார்கள், அடுத்த பாத்திரம். நானும் குனிந்து முகர்ந்து தலையாட்டிக்கொண்டே பின்னால் போனேன். ஒரு பாத்திரத்தில் அவர்கள் தலையாட்டவில்லை, நான் ஆட்டிவிட்டேன். அது கழுவப் போட்ட பாத்திரம். உள்ளே சோப்புத் தண்ணீர்.

நேற்று முதலாளியம்மாள் வீட்டில் விருந்து. அறை கதகதப்பாக இருந்தது. முழு மீன் ஒன்று வந்தது. கண்ணை மூடாமல் என்னையே பார்த்தது. அதன் கன்னத்தைக் கிள்ளி என் தட்டில் வைத்தார்கள், பஞ்சு மாதிரி இருந்தது. அதைப் பற்றிச் சமாளித்துக்கொள்வேன். நடுவில் ஒரு கிண்ணம் வந்ததே, அதுதான் சங்கடம். மஞ்சளாக, கெட்டியாக, கரண்டியில் ஒட்டியது. அதைச் சாப்பிடும்போது மேஜையில் இருந்த அத்தனை பேரும் கண்ணை இடுக்கினார்கள். உதட்டையும் சுருக்கினார்கள். மொழிபெயர்ப்புப் பெண்மணி கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் கண்ணிலும் நீர் வந்தது. பயத்தில் வந்ததென்று நினைத்துக்கொண்டேன்.

நாளை மறுநாள் அதைப் பற்றித்தான் பேச்சு. சீக்கிரம் எழுது.

உன்,
நான்


வீடு
மார்ச் 7

உங்களுக்கு,

பள்ளிக்கூடம் கிளம்புகிற அவசரத்தில் எழுதுகிறேன். கண் இடுங்கியது, உதடு சுருங்கியது, கண்ணில் நீர் வேறு. சந்தேகமே இல்லை, நல்ல புளிப்பு. பழுக்காத காய் எதையோ அரைத்துக் காய்ச்சியிருப்பார்கள். உங்கள் பொடி அந்தப் புளிப்பை அடக்கும் என்று சொல்லிவிடுங்கள்.

எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. கணக்கு வகுப்பில் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே மஞ்சள் கிண்ணத்தை நினைத்துக்கொண்டு நிற்கிறேன். நான் பார்க்காத சாப்பாட்டுக்கு நான் சாட்சி சொல்வது எத்தனை நாளைக்கு? இது முடிந்து வந்ததும் உட்கார்ந்து பேசுவோம்.

உங்கள்,
டீச்சர்


ஹோட்டல் அறை
மார்ச் 8

டீச்சருக்கு,

குட்டு வெளிப்படப் போகிறது. அவசரமாகத் தட்டுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் சிவப்பு மையில் சுழிக்காதே.

அந்தக் கிண்ணம் இனிப்பு. பழத்தைத் தேன் விட்டுக் காய்ச்சியதாம். நான் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, அன்றைய விருந்தின் மஞ்சள் கிண்ணத்தில் இருந்த புளிப்பை எங்கள் பொடி அடக்கும் என்றேன். மொழிபெயர்ப்புப் பெண்மணி புளிப்பா என்று என்னிடம் திருப்பிக் கேட்டார். ஆமாம், நல்ல புளிப்பு என்று அடித்துச் சொன்னேன். அவர் மொழிபெயர்த்தார். பெரிய சமையல்காரர் முதலாளியம்மாளைப் பார்த்தார். அவர் என்னைப் பார்த்தார்.

மேனேஜர்தான் குறுக்கே பாய்ந்தார். இனிப்பின் ஓரத்தில் ஒளிந்திருக்கும் புளிப்பைக்கூட எங்கள் ஆள் பிடித்துவிடுவார், தொழிலில் அவ்வளவு தேர்ச்சி என்று அளந்தார். சிலர் தலையாட்டினார்கள். முதலாளியம்மாள் ஆட்டவில்லை.

வெளியே வரும்போது மொழிபெயர்ப்புப் பெண்மணி என்னிடம் மன்னிப்புக் கேட்டார். எதற்கென்றால், விருந்தன்று என் நாற்காலிக்குப் பின்னால் இருந்த தடுப்புக்கு அப்பால் கரியடுப்பு புகைந்துகொண்டிருந்ததாம். எல்லாருக்கும் கண்ணைக் கரித்ததாம், விருந்தாளியைப் புகையில் உட்கார வைத்துவிட்டோமே என்று முதலாளியம்மாள் அன்று முழுக்க வருத்தப்பட்டாராம். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர்கள் கண்ணை இடுக்கியது கிண்ணத்துக்கு இல்லை, புகைக்கு. முதுகுக்குப் பின்னால் புகைகிறது, எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் உனக்கு எழுதியிருப்பேன், நீயும் புளிப்பென்று சொல்லியிருக்க மாட்டாய். உன்மேல் தப்பில்லை. மூக்கில்லாதவன் எழுதியதை நம்பி நாக்கு சொன்ன தீர்ப்பு அது.

இனிதான் விஷயமே. நம் பொடியைப் போட்டு நேற்று அவர்கள் சமையற்கூடத்தில் குழம்பு வைத்தோம். அதை மூன்று பாத்திரங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஒன்று குளிர் அறையில், ஒன்று வெளியில், ஒன்று திரும்பத் திரும்பச் சூடாக்குவது. பதினோராம் தேதி ருசி பார்த்து, எது நிற்கிறது, எது கெட்டுவிட்டது என்று சொல்ல வேண்டும். சரி என்றால் அடுத்த வாரமே பிள்ளைகளின் பெட்டியில் ஏறும். எல்லாரும் சேர்ந்து ருசி பார்ப்பதாகத்தான் ஏற்பாடு. இப்போது முதலாளியம்மாள் மாற்றிவிட்டார். நான் மட்டும் முதலில் ருசி பார்த்து என் வாயால் சொல்ல வேண்டுமாம். சொல்லி முடிக்கும்வரை வேறு யாரும் கரண்டியைத் தொடமாட்டார்களாம். என் நாக்கு எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க ஆசையாம். படிக்க ஒரு முகமும் இருக்காது.

ஒரே வழிதான் இருக்கிறது. அளவெல்லாம் தனியாக அனுப்புகிறேன். பொடி நம் வீட்டு அலமாரியில் மேல் தட்டில் இருக்கிறது. இன்றைக்கே அந்தக் குழம்பை வை. மூன்றாகப் பிரித்து அதே மாதிரி வைத்துவிட்டுப் பத்தாம் தேதி ருசி பார்த்து எழுது. நீ சொல்வதை நான் சொல்லிவிடுகிறேன். இந்த ஒரு தடவை மட்டும்.

உன்,
நான்


வீடு
மார்ச் 9

அன்புள்ள உங்களுக்கு,

இதை நான் செய்ய மாட்டேன்.

பொடியை எடுத்துக் கீழே வைத்தேன். வெங்காயம்கூட உரித்துவிட்டேன். அதற்கு மேல் கை வரவில்லை. நம் வீட்டுக் குழம்பு கெடவில்லை என்றால் அங்கே இருக்கிற குழம்பும் கெடாமல் இருக்குமா? இங்கே நான் வைப்பது நாலு பேருக்கான சட்டியில். அங்கே ஆளுயரப் பாத்திரம் என்று எழுதினீர்கள். தண்ணீர் வேறு, கை வேறு, வெக்கை வேறு. இதுவரை நாம் செய்தது ஏமாற்று. ஆனால் அதில் பொட்டலம் என் கையில் இருந்தது, நான் நிஜமாகவே ருசி பார்த்தேன். இது அப்படி இல்லை. வேறொரு சட்டியை ருசி பார்த்துவிட்டு யாரோ பெற்ற பிள்ளைக்கு ஊட்டச் சொல்கிறீர்கள்.

நேற்று வரிசையில் நின்று பிள்ளைகள் தட்டை நீட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றுகூட முகர்ந்து பார்ப்பதில்லை. போட்டதை வாங்கிக்கொண்டு போகிறார்கள். நமக்கு முன்னால் யாரோ பெரியவர் ருசி பார்த்திருப்பார் என்ற நினைப்புதான். சின்னவளும் அப்படித்தான் தட்டை நீட்டுகிறாள். அவள் பெட்டியை ருசி பார்க்கிறவர் உங்களைப் போல ஒருவராக இருந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொண்டாலும் சரி. ஒரு வருடமாக நான் என்ன வைத்தாலும் முதல் உருண்டை உள்ளே போனதும் பிரமாதம் என்கிறீர்கள். அது நான் சமைத்ததைப் பற்றியது இல்லை என்று எனக்குத் தெரியாதா? என் மனசு நோகக் கூடாதென்று சொல்கிறீர்கள். ஆனால் ஒவ்வொரு தடவையும் எனக்கு அடுத்த வீட்டுக்காரர் வந்து சாப்பிட்டுப் போன மாதிரி இருக்கிறது. ஆபீஸில் என் நாக்கால் பேசுகிறீர்கள். வீட்டில் என்னிடமே பொய் சொல்கிறீர்கள். உங்கள் பேச்சில் எது உங்களுடையது என்று எனக்கு இப்போது புரியவில்லை. அது எனக்குப் பயமாக இருக்கிறது, உங்கள் வேலை போவதைவிட.

இனி இரவல் கிடையாது.

உங்கள்,
டீச்சர்


ஹோட்டல் அறை
மார்ச் 10

நீ பள்ளிக்கூடத்து டீச்சர். உன் வேலை பத்திரமாக இருக்கிறது, அதனால் நீதி பேசுகிறாய். இங்கே குளியலறைத் தரையில் உட்கார்ந்திருப்பது நான். மேனேஜர் வெளியே பாட்டுப் பாடிக்கொண்டு சட்டைக்கு இஸ்திரி போடுகிறார், நாளைக்குப் போட்டோ எடுப்பார்களாம். எனக்கு ருசி பார்ப்பதைத் தவிர ஒரு வேலையும் தெரியாது. இந்த வயதில் நாக்கு செத்தவனை யார் எடுத்துக்கொள்வார்கள்?

பிரமாதம் என்று சொன்னது உன்னை ஏமாற்ற இல்லை. அந்தச் சொல்லைச் சொல்லும்போதாவது பழைய ருசி ஓரமாக எட்டிப் பார்க்கும் என்று ஒரு நப்பாசை. பார்க்கவே இல்லை.

குழம்பு வைத்தாயா? இன்னும் நேரம் இருக்கிறது. மூன்றே வரி எழுது. கெட்டதா, இல்லையா. உன் காலைத் தொட்டுக் கேட்கிறேன்.

நான்


ஹோட்டல் அறை
மார்ச் 11, காலை

பதில் இல்லை. விடிந்ததிலிருந்து போனைத் திறந்து திறந்து பார்க்கிறேன். நீ விழித்துத்தான் இருப்பாய்.

வண்டி வந்துவிட்டது, மேனேஜர் கதவைத் தட்டுகிறார். காலையில் ரொட்டி தின்றேன், அட்டை தின்ற மாதிரி இருந்தது. எனக்கு எல்லாமே அட்டைதான் என்றாலும் இன்றைக்கு அது விழுங்கவும் வரவில்லை.

போய்விட்டு வருகிறேன்.


ஹோட்டல் அறை
மார்ச் 12

அன்புள்ள டீச்சருக்கு,

நடந்ததைச் சொல்கிறேன். நீ படிப்பாயா என்று தெரியாது. சொல்ல எனக்கு வேறு ஆள் இல்லை.

சமையற்கூடத்தின் நடு மேஜையில் மூன்று பாத்திரங்கள். எதிரே எல்லாரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், கையைக் கட்டிக்கொண்டு. என் முன்னால் ஒரு கரண்டி. முதல் பாத்திரத்தில் எடுத்து வாயில் வைத்தேன். சில்லென்றிருந்தது. இரண்டாவதில் சில்லிப்பும் இல்லை, சூடும் இல்லை. மூன்றாவது கொதித்தது, பருப்பு கரைந்து போயிருந்தது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நிமிர்ந்தேன். ஒரு முகமும் ஒன்றும் சொல்லவில்லை. எல்லாரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்றும் நன்றாக இருக்கிறது என்ற வார்த்தை வாய்க்குள் வந்து நின்றது. அதோடு கூடவே பிள்ளைகள் தட்டை நீட்டுகிற அந்த வரிசையும் வந்து நின்றது. நீ எழுதியிருக்காவிட்டால் சொல்லியிருப்பேன். நிச்சயமாகச் சொல்லியிருப்பேன்.

பக்கத்தில் நின்ற மேனேஜரிடம் மெதுவாகச் சொன்னேன். "சார், எனக்கு ருசி தெரியலை. ஒரு வருஷமாவே தெரியாது. வாசனையும் தெரியாது."

அவர் சிரித்த முகம் மாறாமல் பல்லைக் கடித்துக்கொண்டு, "உளறாதீங்க. நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு உட்காருங்க, மத்ததை நான் பார்த்துக்கறேன்" என்றார்.

"தெரியாததை எப்படி சார் சொல்றது? சின்னப் பிள்ளைங்க சாப்பிடப் போறது."

அப்புறம் நானே மொழிபெயர்ப்புப் பெண்மணியிடம் திரும்பிச் சொன்னேன். அவருக்குப் புரியவில்லையோ, நம்பவில்லையோ, இரண்டு தடவை கேட்டார். மூன்றாவது தடவை சொன்ன பிறகுதான் மொழிபெயர்த்தார். பெரிய சமையல்காரர் என் கையைக் குலுக்கிய தன் கையைப் பார்த்துக்கொண்டார். முதலாளியம்மாள் மட்டும் அசையவில்லை. இத்தனை நாள் எங்கள் சாப்பாட்டை வைத்துக்கொண்டு என்னதான் செய்தீர்கள் என்று கேட்டார்.

உங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றேன்.

அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. எழுந்து வந்து என் கையிலிருந்த கரண்டியை வாங்கி வைத்துவிட்டு, வேறு கரண்டியால் தானே மூன்றையும் ருசி பார்த்தார். பிறகு சமையல்காரர், பிறகு மற்றவர்கள். நான் சுவரோரமாக நின்று அவர்கள் முகங்களைப் பார்த்தேன், பழக்கம்.

மூன்றுமே நன்றாகத்தான் இருந்ததாம். ஒன்றுகூடக் கெடவில்லை. நான் பொய் சொல்லியிருந்தால் அது சரியாகவே இருந்திருக்கும், எனக்கும் வேலை இருந்திருக்கும். சாயங்காலம் முழுக்க இதையே நினைத்து நினைத்துத் தலை வெடித்தது. ஆனால் கரண்டியை வைத்திருந்த நேரத்தில் எனக்குத் தெரியாதே, டீச்சர். தெரியாமல்தான் சொல்லியிருப்பேன்.

ஆர்டர் கிடைத்துவிட்டது. மேனேஜர் கையெழுத்துப் போட்டார், போட்டோவும் எடுத்தார்கள். நான் அதில் இல்லை. அடுத்த தடவை வேறு ருசிக்காரரை அனுப்ப வேண்டும் என்று முதலாளியம்மாள் தெளிவாகச் சொல்லிவிட்டார். மூக்கில்லாதவரைத் தன் சமையற்கூடத்துக்குள் விட முடியாது என்றார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்வேன். மேனேஜர் ஆபீஸுக்குப் பேசிவிட்டார். வந்ததும் பெரிய அதிகாரியைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அது எதற்கென்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மேனேஜர் வேறு அறை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இப்போது கட்டிலில் சாய்ந்துகொண்டு சத்தம் போட்டே உன்னோடு பேசலாம். பேசப் பயமாக இருக்கிறது. முதல் நாளிலிருந்து பயந்துகொண்டே இருந்தேன் அல்லவா, கண்டுபிடித்துவிடுவார்களோ என்று. அந்தப் பயம் போய்விட்டது. இப்போது இருப்பது வேறு. நாளை மறுநாள் வீட்டுக் கதவைத் தட்டும்போது நீ எந்த முகத்தோடு திறப்பாய் என்ற பயம். உன் முகத்தை மட்டும் எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

பத்தாம் தேதி நான் எழுதியதை மன்னித்துவிடு.

உன்,
நான்


வீடு
மார்ச் 13

அன்புள்ள உங்களுக்கு,

படித்தேன். சமையலறையில் நின்றுகொண்டே படித்தேன், உட்காரத் தோன்றவில்லை.

நீங்கள் கெஞ்சி எழுதிய அன்று ராத்திரி நான் மூன்று வரி எழுதினேன். மூன்றும் நன்றாக இருக்கிறது, தைரியமாகச் சொல்லுங்கள் என்று. குழம்பு வைக்காமலேயே எழுதினேன். அனுப்பப் போகிற நேரத்தில் சின்னவள் தூக்கத்தில் புரண்டாள். அழித்துவிட்டுப் போனைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். நீங்கள் திறந்து திறந்து பார்த்தீர்கள், நான் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். உங்களைத் தனியாக அந்த மேஜைக்கு முன்னால் நிறுத்திவிட்டேனே என்று உயிரே என்னிடம் இல்லை. கோபத்தில் பதில் போடாமல் இருந்ததாக நினைக்காதீர்கள். எழுத ஆரம்பித்தால் இளகிவிடுவேன் என்ற பயம்தான்.

வேலை போனால் போகட்டும் என்று சுலபமாக எழுத மாட்டேன். கொஞ்ச நாள் இழுபறியாகத்தான் இருக்கும். என் சம்பளத்தில் நெருக்கிப் பிடித்து ஓட்டுவோம். டாக்டரிடம் மறுபடி போவோம், இந்தத் தடவை நானும் உள்ளே வருகிறேன். ருசி திரும்பி வரும், வராது என்று அவர் என்ன சொன்னாலும் சேர்ந்து கேட்டுக்கொள்வோம்.

உங்கள் கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்ததில் அடுப்பை மறந்துவிட்டேன். குழம்பு அடிப்பிடித்துவிட்டது. அதையே தட்டில் ஊற்றினேன். சின்னவள் ஒரு வாய் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள், உங்கள் நாற்காலியைப் பார்த்தாள். நீங்கள் பிரமாதம் என்று சொல்லிவிட்ட பிறகு அவள் இந்த ஒரு வருடத்தில் என்றைக்குக் குறை சொல்லியிருக்கிறாள்? இன்றைக்கு நீங்கள் இல்லை. தட்டை மெதுவாக என் பக்கம் தள்ளினாள்.

"நல்லாவே இல்லைம்மா" என்றாள்.

எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு சிரிப்பு வந்ததோ. அவளைக் கட்டிக்கொண்டு சிரித்தேன், அழுதும்விட்டேன். அவள் பயந்துபோய் மறுபடி தட்டை இழுத்துக்கொண்டாள்.

உப்பு தூக்கல், புளி போதவில்லை, ஒவ்வொரு வாயிலும் கருகல் வந்து நிற்கிறது. இன்றைய குழம்பு அப்படித்தான் இருந்தது. நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். இனி தினமும் சொல்கிறேன். நீங்கள் கேட்டுக்கொண்டு சாப்பிட்டால் போதும்.

கதவைத் தாழிடாமல் வைத்திருப்பேன். தட்ட வேண்டாம், உள்ளே வாருங்கள்.

உங்கள்,
டீச்சர்